கைக்கு ஒரு ஜோடு

போன மாதம் பேரணாம்பட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம் ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். தோல் கையுறைகள் அடுக்கிய பெட்டி. ஜெர்மனிக்குப் போகிற சரக்கு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வார்த்தை அச்சிட்டிருந்தது.

"படிங்க தம்பி, பார்க்கலாம்" என்றார்.

எழுத்துக் கூட்டினேன். "ஹான்ட்ஷூ..."

"அர்த்தம் இன்னா?"

"ஹான்ட் என்றால் கை. ஷூ என்றால் நமக்கே தெரியும்."

"அதான் சொல்றேன். கைக்கு ஜோடு! காலுக்குப் போட்டா ஜோடு, கைக்குப் போட்டா கைஜோடு. ஒரே வார்த்தையை வெச்சுகினு ரெண்டு சரக்கை முடிச்சுட்டான் பாருங்க ஜெர்மன்காரன். வியாபாரம்னா அவன்கிட்டதான் கத்துக்கணும்."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் நாற்பது வருஷம் தோல் தரம் பிரித்தவர். கண்ணில் புரை விழுந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, உறவுக்காரப் பையன் நடத்தும் கையுறைப் பட்டறையில் பொழுதைப் போக்குகிறார். உருது பேசும் முஸ்லிம். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாய்'. பெயர் வேண்டாம், அவரும் விரும்பமாட்டார்.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அரை மணி நேரம் கழித்து, அதே பாய் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு வருமுன் ஜெர்மன் வார்த்தைகளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஜெர்மன் வார்த்தைகளைப் பார்த்து இங்கிலீஷ்காரர்களும் அமெரிக்கர்களும் சிரிப்பது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். காரணம், இரண்டு பாஷைகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முற்றிலும் அந்நியமான பாஷையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது. சீன எழுத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா? தன் வார்த்தை போலவே இருந்து, தான் நினைத்த இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிற வார்த்தைதான் சிரிக்க வைக்கிறது. மலையாளத்தைக் கேட்டு நாம் சிரிப்பதும், நம்மைக் கேட்டு மலையாளி சிரிப்பதும் இப்படித்தான்.

நகர சபைக் கட்டடத்துக்கு ஜெர்மனியில் 'ராட்ஹவுஸ்' என்று பெயர். எழுத்தைப் பார்க்கிற இங்கிலீஷ்காரனுக்கு அது எலி வீடு. நகர சபைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா என்று அவன் சிரிக்கிறான். நம் ஊர் நகராட்சிகளை அறிந்தவர்களும் சேர்ந்து சிரிக்கலாம். ஆனால் 'ராட்' என்றால் ஜெர்மனில் ஆலோசனை, ஆலோசனை சபை. படிப்பது என்ற பொருளில் இங்கிலீஷ்காரன் தினமும் சொல்லும் 'ரீட்' என்ற வார்த்தையும் அதே வேரில் முளைத்தது. ஆக, அவன் எலி என்று சிரித்தது தன் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்த்து!

நெடுஞ்சாலைகளில் வண்டிகள் பிரிந்து வெளியே போகும் இடத்தில் 'அவுஸ்ஃபார்ட்' என்று பலகை வைத்திருப்பார்கள். அதில் இங்கிலீஷ்காரன் காதுக்குச் சபையில் சொல்லத் தகாத ஓர் ஓசை இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பலகை வருகிறதே, இது எவ்வளவு பெரிய ஊராக இருக்க வேண்டும் என்று வியந்த பயணியைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைக் கதையும் உண்டு. வார்த்தைக்குப் பொருள் 'வெளியே செல்லும் வழி'. அதன் பிற்பாதியான 'ஃபார்ட்', பிரயாணம். பஸ்ஸில் கண்டக்டரிடம் நாம் கொடுக்கிறோமே 'ஃபேர்', அதன் கூடப்பிறந்தது. விடைபெறும்போது சொல்கிற 'ஃபேர்வெல்' கூட அந்தக் குடும்பம்தான்; நல்லபடியாகப் பயணம் போய் வா என்று பொருள்.

'கிஃப்ட்' என்றால் இங்கிலீஷில் பரிசு. ஜெர்மனில் விஷம். இதை முதலில் கேட்கிற யாருக்கும் சிரிப்பும் திகிலும் சேர்ந்து வரும். ஆனால் ஜெர்மனிலும் அது ஒரு காலத்தில் கொடுத்தல், கொடை என்றுதான் இருந்தது. வைத்தியன் கொடுக்கிற ஒரு வேளை மருந்துக்குக் கிரேக்கத்தில் 'டோஸிஸ்', அதாவது கொடுத்தல் என்று பெயர். இன்றும் டாக்டர் எத்தனை 'டோஸ்' என்கிறாரே, அது இதுதான். அதைப் பார்த்து ஜெர்மனிலும் கொடுக்கிற மருந்தைக் 'கிஃப்ட்' என்றார்கள். பிறகு வாய் கூசி, கொல்வதற்காகக் கொடுத்ததையும் அதே பெயரால் மூடிச் சொன்னார்கள். கடைசியில் விஷம் மட்டும் மிஞ்சியது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். கிராமத்தில் ஒரு பெண் 'மருந்தைக் குடிச்சிட்டா' என்றால் அவள் நோய்க்கு மருந்து குடித்தாள் என்றா அர்த்தம்? விஷம் என்ற வார்த்தையைச் சொல்ல மனம் வராமல் நாம் மருந்து என்கிறோம். இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் சீருக்கு ஜெர்மனில் 'மிட்கிஃப்ட்' என்று பெயர். கூடக் கொடுப்பது என்பதே பொருள். பழைய கொடை அங்கே மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் சீதனம் என்ற வார்த்தைக்குள் விஷம் என்ற ஓசை ஒட்டிக்கொண்டிருப்பதைத் தமிழ்நாட்டுத் தகப்பன் ஒருவன் கேட்டால் சிரிப்பானா, பெருமூச்சு விடுவானா?

தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் சிறு கிண்ணிக்கு ஜெர்மனில் 'ஃபிங்கர்ஹூட்', விரல் தொப்பி. குழந்தை வைத்த பெயர் மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்கள். அந்த வடிவத்தில் பூக்கிற ஒரு செடிக்கும் ஜெர்மனியில் அதே பெயர் இருந்தது. 1542-ல் லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மன் மூலிகை நிபுணர் அதற்கு லத்தீனில் பெயர் தேடினார். விரல் தொப்பி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'டிஜிடாலிஸ்' என்று வைத்தார். பிற்காலத்தில் அந்தச் செடியிலிருந்து இருதய நோய்க்கு மருந்து எடுத்தார்கள். அந்தப் பெயர் உலகத்து வைத்திய நூல்களிலெல்லாம் ஏறிற்று. இனி நம் தையற்காரரைக் கேளுங்கள். அவர் அந்தக் கிண்ணியை 'அங்குஸ்தான்' என்பார். உருதுவின் வழியாக வந்த பாரசீகச் சொல். 'அங்குஷ்த்' என்றால் பாரசீகத்தில் விரல். ஒரு சொல் விரலுக்குத் தொப்பி போட்டது, இன்னொன்று விரலின் பெயரையே நீட்டிச் சொன்னது. ஜெர்மன்காரன் சொன்னால் வேடிக்கை, நம் தையற்காரர் சொன்னால் தொழிற்பெயர். வித்தியாசம் வார்த்தையில் இல்லை. பழக்கத்தில் இருக்கிறது.

ஜெர்மன் வார்த்தைகளின் நீளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாடுகளுக்கு மூளையைத் தாக்கும் நோய் பரவி ஐரோப்பாவே மிரண்ட காலத்தில், 1999-ல், ஜெர்மனியின் வடகிழக்கு மாநிலம் ஒன்று ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் பெயர் அறுபத்து மூன்று எழுத்து. 'ரிண்ட்ஃப்ளைஷ்எட்டிகெட்டீருங்ஸ்ஊபர்வாக்குங்ஸ்அவுஃப்காபன்ஊபர்ட்ராகுங்ஸ்கெஸெட்ஸ்.' 2013-ல் அந்தச் சட்டம் ரத்தானபோது, சட்டத்துக்காக யாரும் அழவில்லை. நீளமான வார்த்தை ஒன்று செத்துப்போனது என்று உலகப் பத்திரிகைகள் இரங்கற் செய்தி வெளியிட்டன. ஆனால் தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இதில் என்ன பயம்? 'மாட்டிறைச்சிச்சீட்டுக்கண்காணிப்புப்பணிமாற்றச்சட்டம்' என்று நாம் ஒரே மூச்சில் எழுதிவிடலாம். நமக்குச் சேருமிடத்தில் ச், க், ப் என்று ஓர் ஒற்று வந்து கட்டுகிற மாதிரி, அவர்களுக்குச் சேருமிடத்தில் 'ஸ்' வருகிறது. மேலே உள்ள வார்த்தையில் 'உங்ஸ்', 'உங்ஸ்' என்று கேட்கிறதே, அது தையல் தெரிகிற இடம். வல்லினம் மிகும் இடம் என்று பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கிய எவனுக்கும் ஜெர்மன்காரன் மேல் அனுதாபம்தான் பிறக்கும்.

ஜெர்மனைப் பார்த்துச் சிரித்தவர்களில் பெரியவர் மார்க் ட்வெய்ன். 1878-ல் ஹைடல்பர்க் நகரில் தங்கி அந்த பாஷையோடு மல்லுக்கட்டினார். 1880-ல் வெளிவந்த தம் பிரயாண நூலின் அனுபந்தமாக ஜெர்மனின் கொடுமைகளைப் பற்றி ஒரு கட்டுரையைச் சேர்த்தார். அவருடைய குறைகளில் ஒன்று பால் வேற்றுமை. கிழங்கு வகையில் ஒன்று பெண்பால். ஆனால் இளம் பெண் அஃறிணை. என்ன அநியாயம் என்கிறார்.

அவர் சிரிப்பின் வேகத்தில் விட்டுவிட்ட காரணம் ஒன்று உண்டு. இளம் பெண்ணுக்கு ஜெர்மனில் 'மேட்ஷென்'. கடைசியில் உள்ள 'ஷென்' சிறுமையும் செல்லமும் காட்டுகிற விகுதி. அது எந்தச் சொல்லின் வாலில் ஒட்டினாலும் அந்தச் சொல் அஃறிணையாகிவிடும். இழிவினால் அல்ல, செல்லத்தினால். இதில் தமிழனுக்கு என்ன ஆச்சரியம்? 'குழந்தை அழுகிறது' என்றுதானே நாம் சொல்கிறோம்! அந்த 'து'வில் தாய்மார் யாரும் அவமானத்தைக் காண்பதில்லை.

இருந்தாலும் ட்வெய்னின் கட்டுரை இன்றும் சுவைக்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அதில் அடி வாங்குகிறவர் ஜெர்மன்காரர் அல்லர். அதைக் கற்க முயன்று தோற்றுப்போகிற ட்வெய்ன்தான். அவர் அந்த பாஷைக்கு உழைத்திருக்கிறார். அகராதியோடு இரவுகளைக் கழித்திருக்கிறார். 1897-ல் வியன்னாவில் பத்திரிகைக்காரர்களின் சங்கத்தில், ஜெர்மன் பாஷையின் பயங்கரங்களைப் பற்றி ஜெர்மன் பாஷையிலேயே பேசினார். யாரைப் பற்றிச் சிரித்தாரோ அவர்கள் எதிரிலேயே, அவர்கள் பாஷையிலேயே! கூலி கொடுத்து வாங்கிய சிரிப்பு அது.

ஆனால் அதே ட்வெய்ன் அதற்கு முந்திய வருஷம், 1896-ல், பம்பாய்க்கு வந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பணியாளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ட்வெய்ன் அதை ஒதுக்கிவிட்டு 'சாத்தான்' என்று பெயர் வைத்து, அப்படியே அழைத்தார். தம் புத்தகத்திலும் அதை வேடிக்கையாக எழுதினார். அன்பாகத்தான் எழுதியிருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு சிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன்காரனின் வார்த்தைக்கு வேர் என்ன, விகுதி என்ன என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர், நம் நாட்டு வேலைக்காரனின் பெயருக்கு ஒரு நிமிஷமும் செலவழிக்கவில்லை. ஜெர்மன்காரன் திரும்பிச் சிரிப்பான், பத்திரிகையில் பதில் எழுதுவான். பணியாள் என்ன செய்வான்? கூப்பிட்டால் வருவான்.

மேதை ஒருவரிடம் குறை கண்டுவிட்ட மிதப்பில் இதை எழுதவில்லை. நானும் இதே குற்றத்தைச் செய்தவன்.

இருபது வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் கதை ஒன்று எழுதினேன். அதில் தோல் வியாபாரி ஒருவர் வருவார். உருதுக்காரர். வாயைத் திறந்தால் 'நம்பள்கி', 'நிம்பள்கி' என்பார். ஆணைப் பெண்ணாக்குவார், பெண்ணை ஆணாக்குவார். நம் நாடகங்களிலும் சினிமாக்களிலும் சேட்டும் பாயும் பேசுவதாக வழிவழியாக வந்த தமிழை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன. விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தார்கள். கதை பின்னால் ஒரு தொகுதியிலும் சேர்ந்தது.

அந்தத் தொகுதியைப் பாயின் பேத்தி நூலகத்திலிருந்து கொண்டுவந்து அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கையுறைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"உங்க கதையைக் கேட்டேன் தம்பி. அதுல வர பாய் இன்னா வேலை செய்றார்?"

"தோல் வியாபாரம்" என்றேன்.

"அது எழுதியிருக்கீங்க. ஆனா தோலைப் பத்தி அவர் ஒரு பேச்சும் பேசலியே. பேச்சு தப்பாப் பேசறதே அவருக்கு வேலையாக் கீது."

கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் கேட்டார். நான் மேஜைமேல் கிடந்த தோல் துண்டைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி விரலால் தடவினார். "பாருங்க, இது உண்ணி கடிச்ச தடம். இது முள்ளு கிழிச்சு ஆறினது. காட்டுல மேஞ்ச ஆடு" என்றார். கண்ணில் புரை, விரலால் படித்தார்.

எந்த விமர்சகரும் என் கதையை இதைவிடக் கச்சிதமாக விமர்சித்ததில்லை. ஒரு பாத்திரத்துக்கு நான் கொடுத்திருந்த சொத்தெல்லாம் அவனுடைய பிழைகள்தான். அவனுக்குத் தெரிந்தது எதையும் நான் தெரிந்துகொள்ளவில்லை. அவனுக்குத் தெரியாததை மட்டும் கணக்கெடுத்து எழுதியிருக்கிறேன். அவனுக்குத் தெரியாதது எது? எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயமான தமிழ் இலக்கணம்!

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்புக்காகத் தெற்கே போனபோது, விடுதியில் முதல் நாள் 'இதோ வந்துகினு கீறேன்' என்றேன். அறையே அதிர்ந்தது. காவிரிக்கரைப் பிள்ளைகள் அதை ஒரு மாதம் பாட்டாகவே பாடினார்கள். 'கொண்டு' என்பது தேய்ந்து 'கினு' ஆயிற்று, 'இருக்கிறேன்' என்பதில் 'இரு' உதிர்ந்து 'கீறேன்' ஆயிற்று. அவர்கள் சொல்கிற 'வந்துண்டிருக்கேன்' கூட அதே 'கொண்டு' தேய்ந்ததுதான். இதை எடுத்துச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் துணிச்சல் வந்திராது. என் பேச்சை ஒளித்துக்கொண்டேன். பிறகு கதை எழுத வந்தபோது காவிரிக்கரைத் தமிழில் எழுதினேன். என் நாக்கைக் கேட்டுப் பிறர் சிரித்ததை மறைத்துக்கொள்ள, இன்னொருவன் நாக்கைக் காட்டிச் சிரித்தேன். அந்தக் கதையின் பிறப்பு ரகசியம் இதுதான்.

பாய் வீட்டில் பேசுவது தில்லி உருது அல்ல, தக்கனி. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பார்கள். வடக்கிலிருந்து வருகிற உருதுக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தமிழன் காதுக்கோ, யாரோ எதையோ நக்கச் சொல்வதுபோல் கேட்கும். அது மராத்தியின் 'நகோ'. தக்காணத்துப் படைகளும் வியாபாரிகளும் மராத்தியர் நடுவே வாழ்ந்த காலத்தின் தழும்பு. 'எனக்கு' என்பதற்கு 'மேரேகு'. அதிலுள்ள 'கு' நம் 'கு'வுக்கு அண்ணன் தம்பிபோல் கேட்கிறது. நம் நாடகக்காரர்கள் 'கி' என்று திரித்துக் கேலி செய்தது இந்த இடத்தைத்தான்!

இந்தக் கேலிக்கு ஆளான பாஷையின் கதை என்ன? 1591-ல் ஹைதராபாத் நகரை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா இந்தத் தக்கனியில் மழையையும் பண்டிகைகளையும் காதலையும் பாடினார். ராஜா கவிஞர், பெரிய திரட்டே இருக்கிறது. தில்லிக் கவிஞர்கள் பாரசீகத்தில் எழுதினால்தான் கௌரவம் என்று இருந்த காலத்தில், வலி தக்கனி 1700-ல் தெற்கிலிருந்து அங்கே போனார். அவர் கவிதைகளைக் கேட்ட பிறகுதான், பேசுகிற பாஷையிலும் உயர்ந்த கவிதை எழுதலாம் என்ற தைரியம் அங்கே பரவியது. தில்லிக்கு உருதுக் கவிதையைக் கற்றுக் கொடுத்த திசையின் பேச்சைக் கேட்டுத்தான் பிற்காலத் தில்லி சிரித்தது. அதே பேச்சுக்காரர் தமிழில் நாலு வார்த்தை பேசினால் நாம் சிரித்தோம். நம்மில் ஆற்காட்டுக்காரன் பேசினால் தஞ்சாவூர்க்காரன் சிரித்தான். சிரிப்பு ஒரு படிக்கட்டு. யாரும் தனக்கு மேல்படியில் நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

அப்படியானால் பிறர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவே கூடாதா, கதையில் எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சட்டம் போட்டால் பேரணாம்பட்டு நாளைக்கே ஊமையாகிவிடும். தமிழும் உருதுவும் பேசுகிற ஊர். கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை. கடைத்தெருவில் மூன்று பாஷைகளும் ஒன்றையொன்று இடறிக்கொண்டே நடக்கின்றன. தெலுங்கர் 'செப்பு' என்றால் சொல் என்றும் அர்த்தம், செருப்பு என்றும் அர்த்தம். செருப்பு வாங்க வந்த இடத்தில் இதை வைத்து எத்தனை வேடிக்கை செய்யலாம்! ஆனால் செப்புதல் நம் பழைய தமிழில் சொல்லுதல்தான். தொல்காப்பியத்தில் விடைக்குச் செப்பு என்று பெயர். காலில் போடும் தெலுங்குச் 'செப்பு' நம் செருப்போடு ஒரே வேரில் கிளைத்தது. நாம் கைவிட்டதை அண்டை வீட்டான் பத்திரமாக வைத்திருக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும், பிறகு சிரிக்கலாம்.

பாயே ஒரு கதை சொன்னார். உருதுவில் பிராணியின் தோலுக்குக் 'கால்' என்று பெயர். ஓசையில் மட்டும் ககரம் கொஞ்சம் மூச்சுவிட்டு வரும். சின்னப் பையனாக அவரைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களாம். சேற்றில் மிதித்து வந்தவரை வாத்தியார், "போய்க் காலைக் கழுவிக்கொண்டு வா" என்றாராம்.

"நான் நேரா எங்க அப்பா வேலை செய்ற இடத்துக்கு ஓடிட்டேன் தம்பி. தோலைக் கழுவச் சொல்றாரே, வாத்தியார் நம்ம தொழில் தெரிஞ்சவர் போலகீதுன்னு ஒரே சந்தோஷம். சாயங்காலம் வரைக்கும் கழுவினேன். மறுநாள் அடி."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். இந்தச் சிரிப்பில் யார் குறைந்துபோனார்கள்? வாத்தியாரும் இல்லை, பையனும் இல்லை. அந்தக் கதையில் ஒரு தொழில் இருக்கிறது, ஒரு தகப்பன் இருக்கிறார், தன் வீட்டு வேலைக்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்புக் கிடைத்துவிட்டதாக ஒரு பையன் அடைந்த சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்குக் கிடைத்த அடியும் இருக்கிறது. இரண்டு பாஷைக்கும் பொதுவான ஓர் ஓசையிலிருந்து இவ்வளவும் வந்துவிட்டன. என் கதையில் நாலு பக்கம் 'நம்பள்கி' பேசிய மனிதரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆகவே, பேச்சை வைத்து ஹாஸ்யம் செய்கிற கதைகளைப் படிக்கும்போது நான் இப்போது ஒரே ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாத்திரம் கதையில் ஓர் இடத்திலாவது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதா? சிரிக்க அதற்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாரா ஆசிரியர்? கொடுத்திருந்தால் அவர் அந்த மனிதனின் வீட்டுக்குள் போய் வந்தவர். இல்லாவிட்டால் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர். வார்த்தைக்கு வேர் தேடுவதும் வீட்டுக்குள் போகிற காரியம்தான். உள்ளே போய் வந்த பிறகும் 'ஹான்ட்ஷூ' வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேடிக்கை ஜெர்மன்காரனுடையதல்ல. மனிதன் பெயர் வைக்கிற விதத்தினுடையது. அதில் நமக்கும் பங்கு உண்டு.

என் பழைய கதையை அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாமா என்று பாயைக் கேட்டேன். வேண்டாம் என்றார். "அது கெடக்கட்டும். ஆளை மட்டும் கொஞ்சம் வேலை செய்ய விடுங்க" என்றார். அந்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். தோலைப் பற்றி அந்த மனிதர் பேச வேண்டுமானால் முதலில் எனக்குத் தெரிய வேண்டுமே! ஊறப்போடுவது, சுண்ணாம்பில் போடுவது, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட பழைய முறை எல்லாவற்றையும் பாயிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மறுபடியும் போக வேண்டியிருக்கிறது.

புறப்படும்போது ஒரு ஜதை கையுறையை எடுத்துக் கொடுத்தார். தையல் பிசகியதால் கழித்துப் போட்டது. மாட்டிப் பார்த்தேன். இடது கைக்கு இறுக்கம்.

"எழுதற கைக்குச் சரியாக் கீதா?" என்றார்.

"சரியாக இருக்கிறது."

"'கீது'ன்னு சொல்லுங்க தம்பி. நம்ம ஊருக்கு வந்துட்டீங்க."